கணிப்பொறி கண்ட குடும்பம்

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய புத்தகம் இருக்கும். தாத்தா வாங்கியதாக இருக்கலாம்; முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்து மங்கிப் போயிருக்கும். அதை உங்கள் தந்தை படித்தார், அத்தை படித்தார், பிறகு நீங்கள் படித்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போய், ஆறு மாதம் கழித்து அட்டை கிழிந்த நிலையில் திருப்பித் தந்திருப்பார். இத்தனை கைகள் மாறியபோதும் யாரும் பதிப்பகத்தாரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றியிராது.

இனி, கைப்பேசியில் வாங்கிய ஒரு மின்னூலை எடுத்துக் கொள்வோம். தந்தை தம் கணக்கில் அதை வாங்குகிறார். மகள் தன் கைப்பேசியில் அதைப் படிக்க விரும்புகிறாள். இருவரும் இருப்பது ஒரே வீடு. விலையும் வீட்டுப் பணத்திலிருந்து போனதுதான். ஆயினும் அந்த நூல் அவளுக்குத் திறக்காது. தான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதை அவள் முதலில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

பெற்ற மகளை மகள் என்று கணிப்பொறியிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டிய நிலை எப்படி வந்தது? குடும்பம் என்றால் என்ன என்று அந்தக் கணிப்பொறிக்கு யார், எவ்வாறு கற்றுக் கொடுத்தார்கள்? இதற்கு விடை தேட, நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு வழக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

11 சென்ட் வழக்கு

1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்னும் நாவலை வெளியிட்டது. நூலின் உள்ளே ஓர் அறிவிப்பு அச்சிடப்பட்டிருந்தது. நூலின் விலை ஒரு டாலர். அதற்குக் குறைவாக எந்தக் கடைக்காரரும் விற்கக்கூடாது. விற்றால் பதிப்புரிமையை மீறியதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். நியூயார்க்கில் மேசி என்னும் பெரிய கடையை நடத்தி வந்த ஸ்ட்ராஸ் சகோதரர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு பிரதியை விற்றுவிட்ட பிறகு, அந்தப் பிரதி மேற்கொண்டு யாரிடம் எந்த விலைக்குப் போகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்புரிமையாளருக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. இதனையே 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்கிறார்கள். மறு ஆண்டே இது அமெரிக்கச் சட்டத்திலும் இடம் பெற்றது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளுக்கு விலக்குத் தரும் சொற்கள் உள்ளன.

(அந்தச் சகோதரர்களுள் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸ் 1912இல் டைட்டானிக் கப்பலில் மனைவியுடன் மாண்டு போனார். உலகம் அவரை அதற்காகவே நினைவில் வைத்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் பேரம் பேசும் பழக்கம் உள்ள நாம், இந்த வழக்குக்காகவும் அவரை நினைக்கலாம்.)

இந்தத் தீர்ப்பில் குடும்பம் என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். எழ வேண்டிய தேவையும் இல்லை. பிரதி உங்களுடையது, அதை மகளுக்குத் தருவதும் அயலாருக்குத் தருவதும் உங்கள் விருப்பம். உறவு என்ன என்று சட்டம் கேட்கவில்லை.

நகராத பொருள்

அப்படியானால் மின்னூலுக்கு மட்டும் ஏன் இந்தக் கோட்பாடு பொருந்தவில்லை? இதற்கான காரணம் சட்டத்தில் பாதி, இயற்பியலில் பாதி இருக்கிறது.

ஒரு புத்தகத்தை நான் உங்களிடம் கொடுத்தால் என் கை வெறுமையாகிவிடும். கணிப்பொறியில் உள்ள கோப்பு அப்படி நகர்வதில்லை. அது 0, 1 என்னும் இரு குறிகளின் நீண்ட வரிசை. அதை நான் 'அனுப்பும்போது' உண்மையில் நடப்பது என்ன? என் கருவி அந்த வரிசையைப் படித்துச் சொல்லுகிறது. உங்கள் கருவி கேட்டு அப்படியே எழுதிக் கொள்கிறது. முடிந்த பிறகு உங்களிடம் ஒன்று இருக்கும். என்னிடமும் பழையபடியே ஒன்று இருக்கும். என்னிடம் உள்ளதை அழிப்பது தனியான வேறொரு செயல். ஆகவே, கோப்பைக் கைமாற்றுவது என்பது புதிதாக ஒரு பிரதி எடுப்பதே ஆகும். முதல் விற்பனைக் கோட்பாடோ, இருக்கும் பிரதியைக் கைமாற்ற மட்டுமே உரிமை தருகிறது. புதுப் பிரதி எடுக்க உரிமை தரவில்லை.

இந்தச் சிக்கலைத் தாண்டிவிட முயன்றவர்களும் உண்டு. 2011ஆம் ஆண்டில் ரெடிஜி என்னும் அமெரிக்க நிறுவனம், இணையத்தில் வாங்கிய பாட்டுகளைப் பழைய இசைத்தட்டுப் போல மறுவிற்பனை செய்ய ஒரு சந்தையைத் தொடங்கியது. அதன் உத்தி நுட்பமானது. கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் அப்பால் போய்ச் சேரச் சேர, இப்பால் உள்ளதை அழித்துக்கொண்டே வந்தது. ரயில் ஒரு நிலையத்தை விட்டுப் பெட்டி பெட்டியாக வெளியேறுவது போல, எந்த நேரத்திலும் முழுப் பாட்டு இரண்டு இடத்தில் இராது! ஆனால் காபிடல் ரெகார்ட்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2013இல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. துண்டு துண்டாக எழுதினாலும், புதிய இடத்தில் எழுதப்பட்டது புதுப் பிரதிதான் என்பது முடிவு. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் மென்பொருள் உரிமங்களை மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2019இல் மின்னூல்களுக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

விளைவு என்னவென்றால், இணையக் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை நாம் அழுத்தும்போது பெரும்பாலும் பொருளை வாங்குவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே பெறுகிறோம். 2009 ஜூலையில் இது பலருக்கும் உறைத்தது. உரிமை இல்லாத ஒருவர் கடையில் ஏற்றிவிட்டார் என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் ஒரு பதிப்பை அமேசான் நிறுவனம் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கிவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பிறகு மன்னிப்பும் கேட்டார். வேவு பார்க்கும் அரசைப் பற்றிய நாவலுக்கே இது நேர்ந்ததைக் கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பொருளுக்கு உடைமையாளர் யாராகவும் இருக்கலாம். உரிமம் அப்படியன்று, அது இன்னாருக்கு என்று பெயர் குறித்துத் தரப்படுவது. அந்த 'இன்னார்' கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? கணக்கும் கடவுச்சொல்லும்தான் அடையாளம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு என்பதே பகிர்ந்து கொள்வதற்காகப் பிறந்தது. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர், ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய கோப்புகளையும் நேரத்தையும் பிரித்து வைக்கக் கடவுச்சொல் வேண்டியதாயிற்று. மறு ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக் கொண்டார்! கடவுச்சொல் பிறந்தவுடனேயே அது பிறர் கைக்கும் போய்விட்டது.

எண்ணிக்கையே குடும்பம்

இல்லத்தை முதலில் எண்ணிப் பார்த்தவற்றுள் அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணையச் சேவையும் ஒன்று. 1990களில் வீட்டுக்கு ஒரு தொலைபேசி இணைப்பு, மாதம் ஒரு சந்தா. அந்த ஒரு கணக்குக்குள் ஐந்து பேர் தனித்தனிப் பெயர் வைத்துக் கொள்ளலாம். சந்தா கட்டுபவரின் பெயர் தலைமைப் பெயர். பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்று அவர் வரையறுக்கலாம். உறவு என்ன என்ற கேள்வியே கிடையாது. தொலைபேசிக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறதோ, அதுவே குடும்பம்.

2003 ஏப்ரல் 28இல் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் இசைக் கடையைத் திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். ஒருவர் வாங்கிய பாட்டை ஊரே பிரதியெடுத்துவிடுமோ என்று இசை நிறுவனங்கள் அஞ்சின. ஆகவே ஒவ்வொரு பாட்டும் பூட்டப்பட்டே வந்தது. அந்தப் பூட்டு இரட்டைப் பூட்டு. பாட்டு ஒரு சாவியால் மறைமொழியாக மாற்றப்பட்டிருக்கும். அந்தச் சாவி பாட்டின் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் அதுவும் மற்றொரு சாவியால் மறைக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டாம் சாவி வாங்கியவருடைய கணக்குக்கு உரியது. நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து அனுமதி பெற்றுத்தான் வீட்டுக் கணிப்பொறி அதைப் பெற முடியும். எத்தனை கணிப்பொறிகளுக்கு அந்த அனுமதி? முதலில் மூன்று, 2004இல் ஐந்து.

இந்த 'ஐந்து' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், குடும்பம் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து அன்று. இசை நிறுவனங்களோடு நடந்த பேரத்திலிருந்துதான். தாய், தந்தை, பிள்ளைகள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஐந்து இயந்திரங்கள் என்பதே கணக்கு. பாட்டுக்கான பூட்டை ஆப்பிள் 2009இல் எடுத்துவிட்டது. திரைப்படங்களுக்கும் நூல்களுக்கும் பூட்டு நீடித்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில், இலக்கமுறைத் தொலைக்காட்சிக்குத் தரம் வகுக்கும் டி.வி.பி. என்னும் கூட்டமைப்பு இதையே சற்று ஆழமாக யோசித்தது. ஒரு வீட்டாரின் கருவிகளையெல்லாம் சேர்த்து 'அனுமதி பெற்ற வட்டம்' என்று ஒன்றை வரையறுக்க முயன்றது. கூட்டமைப்பின் பொறியாளர்கள் எதிர்கொண்ட கேள்விகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வண்டியில் இருக்கும் கருவி வீட்டைச் சேர்ந்ததா? விடுதியில் படிக்கும் மகனுடையது? மணமுறிவு பெற்ற தாயும் தந்தையும் தனித்தனி வீட்டில் இருக்க, வாரத்தில் பாதி நாள் இங்கும் பாதி நாள் அங்கும் இருக்கும் குழந்தையின் கருவி எந்த வட்டத்தில் சேரும்? இவை மின்னணுவியல் கேள்விகளே அல்ல. ஆனால் விடை மட்டும் மின்னணுச் சுற்றுக்குள் எழுதப்பட வேண்டியிருந்தது.

அலமாரியும் நாட்குறிப்பும்

நிறுவனங்கள் வரையறை தேடிக் கொண்டிருக்க, குடும்பங்கள் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தன. எல்லோரும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்! சில ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது. 2011க்குப் பின் சிக்கல் தொடங்கியது. அதுவரை கணக்கு என்பது பாட்டுகளை வைக்கும் அலமாரி. இப்போது அதே கணக்கில் செய்திகளும், புகைப்படங்களும், நாட்காட்டியும், முகவரிகளும் வந்து சேர்ந்தன. மகனுக்கு நண்பன் அனுப்பிய செய்தி தாயின் கைப்பேசியில் தோன்றிற்று. அலமாரியைப் பொதுவில் வைக்கலாம்; நாட்குறிப்பை வைக்க முடியுமா? அலமாரி ஒன்றாகவும் நாட்குறிப்பு தனித்தனியாகவும் இருக்க ஏதேனும் வழி தேவைப்பட்டது.

2013இல் மைக்ரோசாப்ட் தன் புதிய விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு ஒரு திட்டம் அறிவித்தது. குடும்பத்தினர் பத்துப் பேர் வரை, வாங்கிய விளையாட்டுகளைப் பகிரலாம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுவனத்தோடு தொடர்பு கொண்டாக வேண்டும். பழைய விளையாட்டுத் தட்டுகளை விற்பதற்கும் இரவல் தருவதற்கும் கட்டுப்பாடுகள் வரும். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூன் 6இல் விளக்கிய திட்டத்தை நிறுவனம் ஜூன் 19இல் கைவிட்டது. அதோடு பத்துப் பேர் பகிர்வும் போயிற்று. ஒன்று வேண்டுமென்றால் மற்றதும் வேண்டும். யார் யாருக்குத் தருகிறார்கள் என்று ஓயாமல் பார்த்துக் கொண்டிருந்தால்தான் பகிர்வை அனுமதிக்க முடியும் என்பது இந்த முறைகளுக்கெல்லாம் அடிப்படை.

அதே ஆண்டு ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடை அறிமுகப்படுத்திய முறை நூலகத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் இருந்தது. உங்கள் தொகுப்பைத் தம்பி பயன்படுத்தலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். தம்பி ஏதோ ஒரு விளையாட்டை ஆடிக் கொண்டிருக்கும்போது நீங்கள் வேறொன்றைத் திறந்தால், அவன் சில நிமிடங்களில் வெளியேற வேண்டும். ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்தால் அலமாரி முழுவதும் பூட்டிக் கொள்வது போன்றது இது. 2024இல்தான் இது மாறி, ஆறு பேர் கொண்ட குடும்பத்தில் வெவ்வேறு விளையாட்டுகளை ஒரே நேரத்தில் ஆட முடிந்தது. ஆனால் புது விதி ஒன்றும் வந்தது. குடும்பத்தை விட்டு விலகியவர், தாம் அதில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு முடியும் வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது!

2014 செப்டம்பரில் ஆப்பிளின் 'குடும்பப் பகிர்வு' வந்தது. 2016இல் கூகுளும் அதைப் போன்றதைக் கொண்டு வந்தது. இரண்டிலும் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. வாங்கியவை மட்டும் பொது. நாட்குறிப்பும் அலமாரியும் ஒருவாறு பிரிந்தன. ஆப்பிளின் முறையில், உறுப்பினர்கள் பொதுவில் வாங்குபவற்றுக்கான தொகை குடும்ப அமைப்பாளர் ஒருவருடைய அட்டையிலிருந்தே போயிற்று. உறவைச் சோதிக்க வழியில்லாத நிறுவனம், தன் பணம் செலவாவதற்கு ஒருவன் யாருக்கு இசைவானோ அவன்தான் உறவு என்று முடிவு கட்டியது. அயலாருக்குத் தம் வங்கி அட்டையைத் தருபவர் யார்? நம்பிக்கையைப் பூட்டாக மாற்றிய தந்திரம் இது.

நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பொதுவான அடுப்பில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களை ஒரு குடும்பம் என்று கொள்கிறது. உலை வைத்த இடத்தைப் பார்ப்பது ஒரு முறை; அட்டை தேய்த்த இடத்தைப் பார்ப்பது இன்னொரு முறை. எனக்கு முன்னதே மேலாகத் தோன்றுகிறது. அட்டை வழிக் குடும்பத்தில் ஏழாவது ஆளாகப் பாட்டிக்கு இடமில்லை. ஒருவர் ஒரு குடும்பத்தில்தான் இருக்க முடியும் என்பதால், பிரிந்த பெற்றோரின் குழந்தை ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாங்கியவற்றைப் பகிரக் கணக்குகள் ஒரே நாட்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற விதி, துபாயில் உழைக்கும் தந்தையையும் திருநெல்வேலியில் படிக்கும் பிள்ளைகளையும் பிரித்து வைக்கிறது. அவர் அனுப்பும் பணத்தில்தான் அந்த வீட்டு உலை கொதிக்கிறது என்பது கணிப்பொறிக்குத் தெரியாது.

அன்பு தீர்ந்த ஆண்டு

திரைப்படச் சேவையான நெட்ஃபிளிக்ஸின் கதை வேறு வகையானது. 2013இல் அது ஒரு கணக்குக்குள் ஐந்து பேருக்குத் தனிப்பட்ட பகுதிகளைத் தந்தது. 2016இல் அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், மக்கள் கணக்கைப் பகிர்வது நல்லதே என்று பேசினார். 2017 மார்ச்சில் நிறுவனம், கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்னும் பொருள்பட ஒரு வரியைப் பொதுவெளியில் எழுதியது. இது கருணை அன்று; கணக்கு. இன்று இரவலில் பார்ப்பவர் நாளை சந்தாதாரர் ஆவார்.

2022 ஏப்ரலில் வந்த அறிக்கை கதையை மாற்றியது. பத்தாண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்த சந்தாதாரர் எண்ணிக்கை முதன்முறையாக 2 லட்சம் குறைந்தது. பணம் கட்டுவோர் ஏறத்தாழ 22 கோடி இல்லங்கள். கட்டாமல் பிறர் கணக்கில் பார்ப்போர் 10 கோடிக்கும் மேற்பட்ட இல்லங்கள் என்று நிறுவனம் மதிப்பிட்டது. சிலி, பெரு, கோஸ்டா ரிகா நாடுகளில் சோதனை தொடங்கியிருந்தது. 2023 மே மாதம் அமெரிக்காவுக்கும், ஜூலை 20இல் இந்தியாவுக்கும் புது விதி வந்தது. வீடு என்பது ஒரே இணைய இணைப்பைப் பயன்படுத்தும் இடம். கருவிகளின் அடையாள எண், இணைய முகவரி, பார்க்கும் பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு கணிப்பொறி அதை ஊகிக்கும். அமெரிக்காவில் வெளியே உள்ள ஓர் உறுப்பினரைச் சேர்க்க மாதம் 7.99 டாலர் கேட்டார்கள். சந்தாதாரர் எண்ணிக்கை 2022 இறுதியில் இருந்த 23 கோடியிலிருந்து அடுத்த ஓராண்டில் 26 கோடியாக உயர்ந்தது.

அமெரிக்கா ஆன்லைன் காலத்துத் தொலைபேசிக் கம்பியே மீண்டும் வந்துவிட்டது என்பதைக் கண்டுகொண்டீர்களா? இடையில் முப்பது ஆண்டுகள்.

குழு கலையும்போது

2024இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல், திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் தரும் கடைகள், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லை அங்கே பயன்படுத்த முடியாது. சொல்லைத் திருத்தியது சட்டம். உரிமத்தின் தன்மையை மாற்றவில்லை.

அந்தத் தன்மை வீட்டுக்குள் எப்போது தெரிகிறது தெரியுமா? யாரேனும் பிரியும்போது. மணமாகித் தனிக்குடித்தனம் போகும் மகள், ஆப்பிள் குடும்பக் குழுவிலிருந்து விலகித் தன் புதிய குடும்பத்தில் சேர்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவள் பிறந்த வீட்டில் இருந்தபோது வாங்கிய நூல்களைத் தாய் தம் கருவியில் இனித் திறக்க முடியாது. பாதி படித்த நூலானாலும் அப்படித்தான். அமைப்பாளரே குழுவைக் கலைத்துவிட்டால், எல்லோருடைய பகிர்வும் ஒரே நாளில் நின்றுவிடும்.

அமைப்பாளர் இறந்துவிட்டால்? கூகுள் நிறுவனம் 2013இல், நெடுநாள் அசைவற்றிருக்கும் கணக்கில் உள்ளவற்றை நாம் முன்பே குறிப்பிட்டவரிடம் ஒப்படைக்க ஒரு வசதி செய்தது. ஆப்பிள் 2021 டிசம்பரில், ஒருவர் தம் மறைவுக்குப் பின் கணக்கைத் திறக்கத்தக்கவரை முன்னதாகவே நியமித்து வைக்க வழி செய்தது. அவ்வாறு நியமிக்கப்பட்டவருக்கு இறந்தவரின் புகைப்படங்கள் கிடைக்கும். செய்திகளும் குறிப்புகளும் கிடைக்கும். அவர் விலை கொடுத்து வாங்கிய பாட்டுகளும் திரைப்படங்களும் நூல்களும் அந்தப் பட்டியலில் இல்லை.